உரைக்கோப்பில் உள்ள சொற்களைப் பைத்தான் டிக்ட்டில் தேடுவது: முழுமையான வழிகாட்டி

டிக்ட் என்பது ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பைத்தான் தொகுப்பு. அதில் ஒரு சொல்லைத் தேட ஒரே ஒரு வரி நிரல் போதும். ஆனாலும் புதிதாக எழுதுபவர்கள் பலருக்கு முதல் ஓட்டத்தில் பாதிச் சொற்கள் "இல்லை" என்றே வரும். தேடும் வரியில் பிழை இருப்பதில்லை. சாவியாக வைத்த சொல்லும் தேடப் போன சொல்லும் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருப்பதுதான் காரணம். அதனால் இந்த வழிகாட்டியில் தேடுவதைவிடத் தேடுவதற்கு முந்தைய வேலைக்கே அதிக இடம்.

பைத்தான் கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறது. நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு கோப்புகள் வேண்டும். முதலாவது சொற்பட்டியல்: வரிக்கு ஒரு சொல், பிறகு ஒரு டேப், பிறகு பொருள். இரண்டாவது, தேட வேண்டிய சொற்கள் உள்ள உரை.

சொல்லையும் பொருளையும் பிரிக்கக் காற்புள்ளியைப் பயன்படுத்த வேண்டாம். பொருள் விளக்கத்துக்குள்ளேயே காற்புள்ளி வரும். இடைவெளியும் உதவாது, "கை விடு" போன்ற இரட்டைச் சொற்கள் பட்டியலில் இருக்கலாம். டேப் இந்த இரண்டு இடத்திலும் தலைகாட்டாது. ஒரு எச்சரிக்கை: நிரல் எழுதும் எடிட்டர்கள் சில டேப் விசையை நான்கு இடைவெளிகளாக மாற்றிவிடும். பட்டியலை அதில் தட்டுவதானால் முதலில் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

இரண்டு கோப்பையும் ஒரு முறை சாதாரண எடிட்டரில் திறந்து பாருங்கள். தமிழுக்குப் பதில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய உரை. அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் அடுத்த படி. பைத்தானில் எதைச் செய்தாலும் அந்தக் குறை தானாகச் சரியாகாது.

பெரிய கோப்போடு தொடங்காதீர்கள். பத்து வரிப் பட்டியலும் ஐந்து வரி உரையும் சோதனைக்குப் போதும். எந்தச் சொல் கிடைக்க வேண்டும், எது கிடைக்கக் கூடாது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் விடை சரியா என்று சொல்ல முடியும்.

நிரல் கோப்புக்குப் பெயர் வைக்கும்போதும் கவனம் தேவை. யூனிகோட்டேட்டா, சிஎஸ்வி, ஸ்ட்ரிங் போன்ற நூலகங்களின் பெயரையே வைத்தால், இம்போர்ட் செய்யும்போது பைத்தான் உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும். அதேபோல டிக்ட் என்று மாறிக்குப் பெயர் வைத்தால் அந்த உள்ளமைந்த பெயர் மறைந்துபோகும்.

2. கோப்பைத் திறப்பது: குறிமுறையைச் சொல்லியே திறக்கவும்

குறிமுறை என்பது எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. ஓப்பன் கட்டளையில் என்கோடிங் என்ற இடத்தில் "யூடிஎஃப்-8-சிக்" என்று கொடுங்கள். வெறும் யூடிஎஃப்-8 ஏன் போதாது? விண்டோஸில் சில செயலிகள் கோப்பின் தொடக்கத்தில் யூனிகோடில் 65279 என்ற எண்ணுள்ள, கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றை எழுதிவைக்கும். வெறும் யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் அந்தக் குறி முதல் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். "முதல் சொல் மட்டும் கிடைக்கவே மாட்டேன் என்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். "சிக்" வகை, குறி இருந்தால் விலக்கும். இல்லாவிட்டால் சாதாரண யூடிஎஃப்-8 போலவே படிக்கும்.

குறிமுறையைச் சொல்லாமல் விட்டால், விண்டோஸில் பைத்தான் 3.14 வரை இயங்குதளத்தின் இயல்புக் குறிமுறையே எடுக்கப்படும். பல கணினிகளில் அது 1252 என்ற ஐரோப்பியக் குறிமுறை. யூடிஎஃப்-8 இல் தமிழ்ப் புள்ளி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. கடைசி பைட்டின் மதிப்பு 141. அந்த 1252 குறிமுறையில் 141-க்கு எழுத்தே கிடையாது. எனவே முதல் மெய்யெழுத்து வந்ததுமே "சார்மேப்" என்று தொடங்கும் பிழைச்செய்தியோடு நிரல் நின்றுவிடும். நின்றது நல்லதுதான். நிற்காமல் இருப்பதற்காக எரர்ஸ் என்ற இடத்தில் "இக்னோர்" கொடுத்தால் 141 போன்ற, எழுத்தில்லாத பைட்டுகள் மட்டும் காணாமல் போகும். மீதி பைட்டுகள் பொருளில்லாத எழுத்துகளாக மாறி ஒரு சொல்லும் கிடைக்காது. அதைச் செய்ய வேண்டாம்.

கோப்பை வித் கட்டளையோடு திறந்தால், வேலை முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும்.

3. சொல்லைத் துப்புரவாக்கும் ஃபங்ஷன்

இதுதான் முழு வேலையின் அச்சாணி. ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். "துப்புரவு" என்று பெயர் வைத்துக்கொள்வோம். பட்டியலில் உள்ள சொல்லும் உரையில் உள்ள சொல்லும் இரண்டுமே இதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துப்புரவாக்கினால் பொருத்தம் மேலும் குறையும்.

டிக்ட் ஒரு சாவியைத் தேடும்போது தோராயப் பொருத்தம் என்ற பேச்சே இல்லை. எழுத்து வரிசையின் ஒவ்வொரு எண்ணும் ஒத்திருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. துப்புரவின் உள்படிகள் கீழே. வரிசையை மாற்றக் கூடாது.

முதலில், தெரியாத குறிகளை நீக்குங்கள். 8203, 8204, 8205, 65279 ஆகிய நான்கு எண்களுக்கும் உரிய குறிகளை ரீப்ளேஸ் கொண்டு வெற்றுச் சரமாக (எழுத்தே இல்லாத உரைத்துண்டாக) மாற்றினால் போதும். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த உரையில் இவை சாதாரணம். முனைகளில் உள்ள வெற்றிடத்தை உதிர்க்கும் ஸ்ட்ரிப் கட்டளை இவற்றை நீக்காது. பைத்தான் கணக்கில் இவை வெற்றிடம் அல்ல. ஆனால் 160 என்ற எண்ணுள்ள பிரியா இடைவெளியை வெற்றிடமாகவே எடுத்துக்கொள்ளும். உரையைச் சொற்களாக உடைக்கும்போது அது தானாக நீங்கிவிடும்; பட்டியல் சொற்களுக்காகக் கடைசிப் படியில் அதையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து, உயிர்மெய்க் குறிகளைப் பிரித்துச் சரிசெய்து மீண்டும் சேர்க்க வேண்டும். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம். 3014, 3006 என்ற இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, டிக்ட்டுக்கோ இரண்டும் இரண்டு சொற்கள். யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் ஃபங்ஷன் இதைத் தீர்க்கும். என்எஃப்டி வகை பிரிக்கும், என்எஃப்சி வகை சேர்க்கும்.

நேராக என்எஃப்சி போதாதா என்று தோன்றும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளில் இன்னொரு பிழை மலிந்துகிடக்கிறது: "ர்", "ரி", "ரீ" வர வேண்டிய இடத்தில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலும், அதன்மேல் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ வந்திருக்கும். துணைக்காலை ஒட்டிப் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ தமிழில் எங்கும் வராது. எனவே துணைக்காலும் புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் "ர்" என்றும், துணைக்காலும் இகரக் குறியும் வந்தால் "ரி" என்றும், ஈகாரக் குறி வந்தால் "ரீ" என்றும் தயங்காமல் மாற்றலாம்.

ஆனால் "பெரிய" என்ற சொல் இந்தப் பிழையோடு இருந்தால் பகரத்தை அடுத்து ஒற்றைக்கொம்பு, துணைக்கால், இகரக் குறி என்று மூன்று குறிகள் வரிசையாக நிற்கும். முதலில் என்எஃப்சி செய்தால் கொம்பும் காலும் சேர்ந்து ஒகரமாகிவிடும். பிறகு துணைக்காலைத் தேடினால் அது இருக்காது. ஆகவே முதலில் என்எஃப்டி, பிறகு இந்த மூன்று மாற்றங்கள், கடைசியில் என்எஃப்சி.

"கௌரவம்" என்பதைக் "கெளரவம்" என்று ககரத்துக்கு ஒற்றைக்கொம்பும் அடுத்து முழு ளகரமுமாகத் தட்டுவதும் பரவலான பழக்கம். இதை எந்த நார்மலைஸும் சரிசெய்யாது. மொத்தமாக மாற்றவும் கூடாது: "தெளிவு" என்ற சரியான சொல்லில் அதே வரிசைதான் இருக்கிறது, "ஒள" என்பதை "ஔ" ஆக்கினால் "ஒளி"க்கும் இதே ஆபத்து. இப்படிப்பட்ட சொற்களைக் கையாலேயே ஒரு சிறு திருத்தப் பட்டியலில் வையுங்கள். எண்ணிக்கை அதிகம் இருக்காது.

மூன்றாவதாக, லோயர். தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. கலந்து வரும் ஆங்கிலச் சொற்களுக்காக மட்டும் இது.

கடைசியாக, இரு முனைகளிலும் ஒட்டியிருக்கும் நிறுத்தக்குறிகளை ஸ்ட்ரிப் கொண்டு உதிருங்கள். ஸ்ட்ரிங் நூலகத்தின் பங்க்சுவேஷன் பட்டியலில் 32 குறிகள் உண்டு. வளைந்த மேற்கோள்கள் “ ” ‘ ’, மூன்று புள்ளிக் குறி …, நீள் கோடு – ஆகியவை அதில் இல்லை. அவற்றையும் ஓர் இடைவெளியையும் 160 எண்ணுள்ள பிரியா இடைவெளியையும் பட்டியலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப்புக்குள் குறிகளைக் கொடுத்துவிட்டால் அது வெற்றிடத்தைத் தானாக நீக்காது. அதனால்தான் அந்த இடைவெளி.

4. சொற்பட்டியலை டிக்ட் ஆக்குவது

பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். வெற்று வரி வந்தால் தாண்டுங்கள். மற்ற வரிகளைப் பார்டிஷன் கொண்டு டேப்பில் பிரியுங்கள். ஸ்ப்ளிட்டைவிட இது பாதுகாப்பு: டேப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் மூன்று துண்டுகளே தரும். இரண்டாவது துண்டு வெறுமையாக இருந்தால் அந்த வரியில் டேப் இல்லை என்று பொருள். வரி எண்ணோடு அதைத் திரையில் காட்டுங்கள், சத்தமில்லாமல் விட்டுவிடாதீர்கள். வரிகளை எண்ணித் தரும் எண்யூமரேட்டை 1 இலிருந்து தொடங்கினால் எடிட்டரில் தெரியும் வரி எண்ணும் இதுவும் ஒத்துப்போகும்.

முதல் துண்டைத் துப்புரவுக்குள் அனுப்பி வருவதுதான் சாவி. மூன்றாவது துண்டை வெறும் ஸ்ட்ரிப் செய்தால் மதிப்பு.

ஒரே சொல் இரண்டு வரிகளில் வந்தால் பின்னது முன்னதை அழித்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. "ஆறு" என்பது எண்ணாகவும் நதியாகவும் பட்டியலில் இருந்தால் ஒன்று மட்டுமே மிஞ்சும். எனவே மதிப்பைச் சரமாக வைக்காமல் லிஸ்ட்டாக வையுங்கள்:

இருப்பு = {"ஆறு": ["ஐந்துக்கு அடுத்த எண்", "நதி"], "மரம்": ["தண்டும் கிளைகளும் உள்ள பெரிய தாவரம்"]}

இதற்கு செட்டிஃபால்ட் கட்டளை போதும்: சாவி இல்லாவிட்டால் வெற்று லிஸ்ட்டை வைக்கும், இருந்தால் உள்ளதைத் தரும், அதோடு அப்பெண்ட் செய்யலாம். டிஃபால்ட்டிக்ட் வகையும் உண்டு. ஆனால் அதைச் சதுர அடைப்புக்குறியால் தேடினால், இல்லாத சொல்லுக்கும் ஒரு வெற்றுப் பதிவு உருவாகிவிடும். அடுத்த முறை "இருக்கிறதா" என்று கேட்டால் "ஆம்" என்று சொல்லும்.

இந்த டிக்ட்டை நிரலின் தொடக்கத்தில் ஒரே முறை கட்டுங்கள். தேடும் ஃபங்ஷனுக்குள் கட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் முழுப் பட்டியலும் மறுபடி படிக்கப்படும்.

டிக்ட்டுக்குப் பதில் லிஸ்ட்டில் தேடினால் என்ன? 50,000 சொற்கள் உள்ள லிஸ்ட்டில் 2,00,000 சொற்களைத் தேடினால், மோசமான நிலையில் 1000 கோடி ஒப்பீடுகள். டிக்ட் சாவியிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு நேரே அந்த இடத்துக்குப் போகிறது; பட்டியல் வளர்ந்தாலும் ஒரு தேடலுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய மாறுவதில்லை.

5. உரையைச் சொற்களாக உடைப்பது

ஒவ்வொரு வரியிலும் அடைப்புக்குறிக்குள் எதையும் கொடுக்காமல் ஸ்ப்ளிட் செய்யுங்கள். எத்தனை இடைவெளிகள் இருந்தாலும், டேப் இருந்தாலும் சரியாகப் பிரிக்கும். ஒற்றை இடைவெளியைக் கொடுத்தால், இரண்டு இடைவெளி வந்த இடத்தில் வெற்றுச் சரம் ஒன்று சொல்லாக நுழையும்.

ஆங்கிலப் பாடங்களில் பழகியவர்கள் ஆர்ஈ நூலகத்தின் பின்சாய்வுக்கோடு-டபிள்யூ வடிவத்தை இங்கே இறக்குவார்கள். தமிழுக்கு அது ஆகாது. அந்த வடிவம் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகக் கருதாது. "தமிழ்" என்ற சொல் "தம", "ழ" என்று இரண்டாக உடையும். இசால்ஃபா சோதனையும் இதே காரணத்தால் "தமிழ்" எழுத்துச் சரமல்ல என்று சொல்லும். வடிவம்தான் வேண்டும் என்றால் 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ் யூனிகோடு வரம்பைக் கொடுங்கள். தமிழ் எண்களும் அந்த வரம்புக்குள் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

உடைத்த ஒவ்வொன்றையும் துப்புரவுக்குள் அனுப்புங்கள். தனியே நின்ற கோடோ மேற்கோளோ வெற்றுச் சரமாகத் திரும்பும், அதைத் தாண்டிவிடுங்கள். மீதியைக் கலெக்ஷன்ஸ் நூலகத்தின் கவுண்ட்டரில் சேருங்கள். ஒரே சொல் நூறு முறை வந்தாலும் ஒரு முறைதான் தேட வேண்டியிருக்கும். எத்தனை முறை வந்தது என்பதும் கையில் இருக்கும்.

6. தேடல்

சதுர அடைப்புக்குறியால் தேடினால், இல்லாத சொல் வந்ததுமே கீஎரர் எழுந்து நிரல் நிற்கும். உரையில் பட்டியலில் இல்லாத சொற்கள் வருவது இயல்பு. எனவே கெட் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நன் என்ற வெற்று மதிப்பைத் தரும்.

கிடைத்ததா என்று பார்க்க வெறும் இஃப் போடாமல், "நன் அல்லவா" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மதிப்பைச் சரமாக வைத்திருந்து பொருள் இன்னும் எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தால், வெறும் இஃப் அதையும் "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும்.

இங்கே இரண்டு தடுமாற்றங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, டிக்ட் முழுவதையும் லூப்பில் சுற்றி ஒவ்வொரு சாவியும் வரிக்குள் இருக்கிறதா என்று இன் கொண்டு பார்ப்பது. சரத்தில் இன் என்பது துணுக்கைத் தேடும்: "மண்டபம்" என்ற சொல்லில் "மண்" கிடைத்துவிடும், "கல்வி"யில் "கல்" கிடைத்துவிடும். டிக்ட்டில் அதே இன் முழுச் சாவியைத் தேடும். உரையின் சொற்கள்மீதுதான் லூப் ஓட வேண்டும், டிக்ட்மீது அல்ல.

இன்னொன்று, திறந்த கோப்பின்மீது உள் லூப்பை ஓட்டுவது. முதல் சுற்றிலேயே கோப்பு கடைசிவரை படிக்கப்பட்டுவிடும். இரண்டாவது சுற்றிலிருந்து உள் லூப்புக்கு ஒரு வரியும் கிடைக்காது, பிழையும் வராது. முதல் சொல்லுக்கு மட்டும் விடை வந்து மற்றவை வெறுமையாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

7. கிடைக்காத சொற்களை இரண்டாம் முறை தேடுவது

முதல் தேடலில் கிடைக்காதவற்றைத் தனிக் கவுண்ட்டரில் சேர்த்து, மோஸ்ட்காமன் கொண்டு அதிகம் வந்தவற்றை முதலில் பாருங்கள். முதல் முப்பது சொற்களைக் கண்ணால் பார்த்தாலே எங்கே குறை என்று தெரிந்துவிடும். தமிழ் உரையில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், சொல்லின் கடைசியில் மிகும் வல்லினம். அந்தக், அந்தச், அந்தத், அந்தப் நான்கும் "அந்த"தான். முடிவில் க், ச், த், ப் இருந்தால் அதை வெட்டிவிட்டு மறுபடி தேடுங்கள். வெட்ட வேண்டியது கடைசி இரண்டு எண்களை: "ப்" என்பது பகரமும் புள்ளியுமாக இரண்டு. ஒன்றை மட்டும் வெட்டினால் புள்ளி போய் "அந்தப" என்று நிற்கும். இந்த வெட்டை முன்பே துப்புரவுக்குள் சேர்க்கக் கூடாது. "டேப்" என்ற சொல் "டே" ஆகிவிடும். உள்ளது உள்ளபடி தேடிக் கிடைக்காதபோது மட்டுமே வெட்டு.

இரண்டாவது காரணம், வேற்றுமை உருபு. பட்டியலில் "மரம்" இருக்கும். உரையில் மரத்தை, மரத்தில், மரத்துக்கு என்று வரும். இதற்கு ஈற்றையும் மாற்றையும் இணைகளாகக் கொண்ட ஒரு லிஸ்ட் வையுங்கள்:

ஈறுகள் = [("த்துக்கு", "ம்"), ("ட்டில்", "டு"), ("ற்றில்", "று"), ("த்தில்", "ம்"), ("த்தை", "ம்"), ("க்கு", "")]

நீண்ட ஈறு முதலில் வர வேண்டும். "க்கு" முன்னால் இருந்தால் "மரத்துக்கு" என்பது "மரத்து" ஆகும். மாற்றி வந்த சொல் டிக்ட்டில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஈற்றுக்குப் போங்கள். "அத்தை" என்ற சொல் "அம்" ஆகாமல் காப்பது இந்தச் சோதனைதான்.

இதற்கும் எல்லை உண்டு. "நத்தை" பட்டியலில் இல்லாமல் "நம்" இருந்தால், நத்தைக்கு "நம்" என்பதன் பொருள் வந்து நிற்கும். "காலை" என்பது பொழுதா, "கால்" என்பதோடு ஐ உருபு சேர்ந்ததா என்பதை எந்த ஈற்று விதியும் சொல்லாது. ஆகவே இந்த வழியில் கிடைத்தவற்றுக்கு "ஈறு நீக்கி" என்ற அடையாளம் சேர்த்துத் தனியாக வையுங்கள். பத்து, பதினைந்து விதிகளுக்குமேல் சேர்த்துக்கொண்டே போவது வீண்வேலை. மீதிச் சொற்களுக்குச் சொல்வடிவத்தையும் மூலச்சொல்லையும் இணைக்கும் இன்னொரு சிறு டிக்ட்டைக் கையாலேயே எழுதுவது விரைவானது, நம்பகமானது.

8. விடையைக் கோப்பில் எழுதுவது

எழுதும் கோப்புக்கும் குறிமுறையைச் சொல்லுங்கள். எக்செல்லில் திறக்கப்போகும் சிஎஸ்வி கோப்பு என்றால் எழுதும்போதும் "யூடிஎஃப்-8-சிக்". தொடக்கக் குறி இல்லாவிட்டால் எக்செல் தமிழைச் சிதைத்துக் காட்டக்கூடும். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் தமிழ் கட்டம்கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துருவின் குறை. தரவு கெட்டுவிட்டது என்று எண்ணி நிரலைத் திருத்தத் தொடங்காதீர்கள். கோப்பைத் திறந்து பாருங்கள்.

9. "இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை"

எல்லாம் செய்த பிறகும் ஒரு சொல் அடம்பிடித்தால், திரையில் பிரிண்ட் செய்து ஒப்பிடுவதில் பயனில்லை. இரண்டும் ஒன்றாகவே தெரியும். இரண்டு சரங்களின் நீளத்தையும் லென் கொண்டு பாருங்கள். "தமிழ்" என்பதற்கு 3 அல்ல, 5 வர வேண்டும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். நீளம் வேறுபட்டால் ஏதோ ஒளிந்திருக்கிறது.

நீளம் ஒத்திருந்தாலும் நம்ப வேண்டாம். சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் ஆர்ட் ஃபங்ஷனுக்குக் கொடுத்து எண்களை வரிசையாக அச்சிடுங்கள். டிக்ட் சாவிக்கும் அதையே செய்து பக்கத்தில் வையுங்கள். ரெப்ர் ஃபங்ஷன் 8203 போன்ற மறைகுறிகளைக் காட்டிக்கொடுக்கும், பிரிந்து நிற்கும் கொம்பையும் காலையும் காட்டாது. எண்கள் இரண்டையும் காட்டும். 3014, 3006 அடுத்தடுத்து இருந்தால் அந்தப் பக்கத்துச் சொல் துப்புரவு வழியாக வரவில்லை. 3014-ஐ அடுத்து 2995 இருந்து, மறுபக்கத்தில் 3020 மட்டும் இருந்தால், அது ஔகாரத்துக்குப் பதில் ளகரம் தட்டிய சொல். திருத்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.